மூச்சு முட்டிய கேரவன்

நடிகர்கள் உட்காரும் பழைய கேரவன் அது. பின் ஆக்சிலில் எண்ணெய் ஒழுகியது. எங்கள் பட்டறை ஃபோர்மேன் சற்குணம், எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீலை ஒரே மாதத்தில் மூன்று முறை மாற்றினார். மூன்று முறையும் முதலாளியிடம், "இந்த இசக்கி சரியாத் துடைக்கல" என்று பழியை என் தலையில் போட்டார்.

நான்காம் முறை ஒழுகியபோது முதலாளி என்னை வேலையை விட்டு வீட்டுக்குப் போகச் சொன்னார்.

"ஒரு தடவை நான் பாக்கிறேன் முதலாளி" என்றேன்.

சற்குணம் சிரித்தார். "வீலைக் கழட்டாம ஒழுக்கை நிறுத்துடா. நிறுத்திட்டா நான் உனக்கு ஸ்பேனர் எடுத்துத் தர்றேன்."

"சரிண்ணே. முதலாளி சாட்சி."

வண்டிக்கடியில் படுத்தேன். ஆக்சிலின் சூட்டுக் காற்று வெளியேற மேலே ஒரு சின்ன மூக்கு உண்டு. அதைக் கம்பியால் குத்தினேன். அதை அடைத்திருந்த கருப்புப் பெயின்ட் உதிர்ந்தது. புஸ்ஸென்று காற்று வந்தது. வெளியேற வழியில்லாத அந்தக் காற்றுதான் எண்ணெயை சீல் வழியாகத் தள்ளியிருக்கிறது.

முதலாளியே செங்கல்பட்டுவரை ஓட்டிப் பார்த்தார். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

"வண்டி புதுசாத் தெரியணும்னு அடியில பெயின்ட் அடிச்சது யாருடா?" என்று கேட்டார்.

சற்குணத்தின் பக்கம் கையை நீட்டினேன்.

"அண்ணே, மூக்கைக் கழட்டிக் கழுவணும். அந்தப் பதினாலாம் நம்பர் ஸ்பேனரை எடுங்க."