ஓடத்தில் ஏறிய கல்

முன்னே ஒரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. பெயரைச் சொன்னால் பக்கத்து நாட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், அதனால் வேண்டாம். அந்த நாட்டு மகாராஜாவுக்கு நல்ல மனசு. கூடவே ஒரு ஆசை. தான் செய்கிற நல்ல காரியம் ஒவ்வொன்றிலும் தன் பெயர் பளிச்சென்று தெரிய வேண்டும்.

வரிப்பணம் சட்டப்படி போகும். படைக்கு இவ்வளவு, கோயிலுக்கு இவ்வளவு என்று யாரோ எப்போதோ வகுத்து வைத்துவிட்டார்கள். அதில் மகாராஜாவே கை வைக்க முடியாது. ஆனால் விருப்பக் கொடை என்று தனியாக ஒன்று உண்டு. அது முழுக்க முழுக்க அவர் மனசுப்படி. வருஷத்துக்கு ஒரு தரம் ஊர்ச்சபைகள் எல்லாம் வந்து எங்களுக்கு இது வேண்டும், அது வேண்டும் என்று கேட்கும். பிடித்தால் கொடுப்பார், பிடிக்காவிட்டால் அடுத்த வருஷம் வா என்பார். ஏன் என்று கேட்க யாருக்கும் உரிமை கிடையாது.

இந்தக் கொடைக்கு அதிகாரி வல்லபராயர். தொப்பை முன்னே வர, அவர் பின்னே வருவார். மகாராஜாவின் ஆசையை மோப்பம் பிடித்து அவர் ஒரு விதி கொண்டுவந்தார். கொடையில் நடக்கிற எந்த வேலையிலும் மகாராஜாவின் பெயர் பொறித்த கல் நிற்க வேண்டும். ஆள் உயரத்துக்குக் குறையக் கூடாது. படுக்க வைக்கக் கூடாது. நட்ட கல்லை எவன் அகற்றினாலும் அவன் கையை வாங்கிவிடுவார்கள்.

விளைவு என்ன? நாடு முழுக்க மண்டபங்கள், வளைவுகள், தூண்கள். வைத்தியர் வேண்டும் என்று கேட்ட ஊருக்கு ஒரு மண்டபம் போனது. வைத்தியரின் தலையில் கல் நட முடியாதல்லவா? போகப் போக ஊர்க்காரர்களும் தேறிவிட்டார்கள். எது தேவை என்று யோசிப்பதை விட்டுவிட்டு, எதில் கல் நிற்கும் என்று யோசித்துக் கேட்டார்கள்.

ஒரே ஒரு ஊர் மட்டும் தேறவில்லை. ஆற்றுக்கு அக்கரையில் இருந்த நாணற்குடி. வருஷா வருஷம் அந்த ஊர்ச்சபை ஒரு ஓடமும், அதை ஓட்டுகிற ஆளுக்குக் கூலியும் கேட்டது. வருஷா வருஷம் ராயர் சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்பினார். ஒரு வருஷம் போனால் போகிறதென்று, ஓடம் வராத அந்தத் துறையில் ஒரு கல் வளைவைக் கட்டிக் கொடுத்தார். வளைவுக்குக் கீழே மகாராஜாவின் பெயர் நின்றது. வளைவைத் தாண்டினால் தண்ணீர்.

அந்த வளைவுக்குக் கீழேதான் அங்கம்மை செத்துப்போனாள்.

அங்கம்மை யாரென்றால், அரசவை விகடகவி செவ்வந்தியப்பரின் ஒரே தங்கை. நாணற்குடியில் சடையன் என்ற விவசாயிக்கு வாழ்க்கைப்பட்டவள். ஐப்பசி வெள்ளத்தில் அவளுக்கு இடுப்புவலி கண்டது. பிள்ளை குறுக்கே கிடந்தது. மருத்துவச்சி இக்கரையில். சடையன் அவளைக் கட்டிலோடு தூக்கிவந்து, மழைக்கு அந்த வளைவின் அடியில் கிடத்தி, ஆற்றைப் பார்த்துக் கத்தினான். காலையில் தொடங்கிய கத்தல் விளக்கு வைக்கும் நேரத்தில் நின்றது. பிள்ளையும் தங்கவில்லை.

எரித்துவிட்டு வந்த அன்று சடையன் மச்சானிடம் ஒரே ஒரு வார்த்தை கேட்டான். மகாராஜா பக்கத்திலேயே உட்கார்ந்து அவரைச் சிரிக்க வைக்கிறீர்களே, ஒரு ஓடம் கேட்டு வாங்க முடியவில்லையா என்று. அதற்குப் பிறகு அவன் பேசவில்லை.

தீட்டுக் கழிந்து செவ்வந்தியப்பர் அவைக்கு வந்தார். நடந்ததை யாரிடமும் சொல்லவில்லை. விகடகவி தன் வீட்டுச் சாவைச் சொன்னால் அதற்கும் சபை சிரிக்கும் என்பது அவருக்குத் தெரியும். முதல் நாளே ராயரின் தொப்பையைப் பற்றி ஒன்று எடுத்துவிட்டார். மகாராஜா கண்ணில் நீர் வரச் சிரித்தார். செவ்வந்தியப்பரின் கண்ணிலும் நீர் இருந்தது. ஆனால் சிரித்தவர்கள் எல்லாருடைய கண்ணிலும் இருந்ததால் யாரும் கவனிக்கவில்லை.

பங்குனி பிறந்தது. கொடை வழங்கும் காலம். மகாராஜாவுக்குத் திடீரென்று ஒரு கிறுக்கு. கல்லெல்லாம் நட்ட இடத்திலேயே நிற்கிறது, அந்த வழியாக வருகிறவன்தான் பார்க்கிறான், மற்றவன் பார்ப்பதில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார்.

"இந்த வருஷம் கொடை முழுதும் ஒரே வேலைக்குத்தான். அதில் என் பெயர்க்கல் விதிப்படி அசையாமல் நிற்கவும் வேண்டும். அந்தக் கல் நகர்ந்து போய்க்கொண்டே இருக்கவும் வேண்டும். யாரால் முடியும்?"

சபை தரையைப் பார்த்தது. ராயர் தொண்டையைக் கனைத்தார். அரண்மனைத் தெருவில் ஒரு பெரிய வளைவு கட்ட அவர் திட்டம் வைத்திருந்தார். கல் விற்கிறவர் அவருடைய சம்பந்தி. இந்தக் கிறுக்கு ஓய்ந்தால் கொடை தானாக வளைவுக்கு வந்துவிடும். ஓயும்போது ஒரு எதிரியும் ஒழிந்தால் இன்னும் நல்லது.

"பிரபு, இப்படிப்பட்ட அரிய காரியத்துக்கு நம் விகடரை விட்டால் ஆள் ஏது? முடியாவிட்டால் இத்தனை நாள் தின்ற சோற்றுக்கு வெட்கப்பட்டு நாட்டைவிட்டே போய்விடுவார். ரோஷக்காரர்."

செவ்வந்தியப்பர் எழுந்தார். நாணற்குடியில் இந்த வருஷமும் முழுகாமல் இருக்கிற பெண்கள் உண்டு. ஐப்பசி மறுபடியும் வரும். அவருக்கு வேறு எந்த நினைப்பும் இல்லை.

"முடியும் மகாராஜா. நாணற்குடித் துறைக்கு ஒரு ஓடம் விடுங்கள். கல் ஓடத்தில் அசையாமல் நிற்கும். ஓடம் கல்லோடு நகரும்."

மகாராஜா தொடையைத் தட்டிக்கொண்டு ஒப்புக்கொண்டார். ராயர் அப்போதும் பதறவில்லை. ஆள் உயரக் கருங்கல்லை ஏற்றினால் ஓடம் கரையிலேயே உட்கார்ந்துவிடும் என்று அவர் கணக்குப் போட்டார். கல் விதிப்படியே இருக்க வேண்டும், ஒரு விரல் குறைந்தாலும் செல்லாது என்று அழுத்திச் சொன்னார். செவ்வந்தியப்பர் தலையாட்டிவிட்டு, பணிவாக இன்னொரு வழக்கத்தை நினைவூட்டினார். குளம் வெட்டினால் முதல் கை நீரை மகாராஜா குடிப்பார். வளைவு கட்டினால் முதலில் அவர் நுழைவார். கொடை அதிகாரி கூடவே போவார். ஓடத்துக்கும் அதுதானே முறை?

முறைதான் என்றார் மகாராஜா. ராயரின் முகத்தில் முதல் தடவையாக ஒரு சுருக்கம் விழுந்தது.

வைகாசியில் ஓடம் தயாரானது. துறையில் கூட்டம். ராயரின் கணக்குத் தப்பியது, ஓடம் உட்காரவில்லை. பின்பக்கத்து மரச்சட்டத்தில் ஆப்பு வைத்து இறுக்கிய கல், பட்டுத் துணி போர்த்தி மாப்பிள்ளை மாதிரி நின்றது. ஆனால் அது ஒன்று ஏறியதுமே ஓடத்தின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நாலு விரல்கடைதான் மிச்சம். ஓடக்காரர் முத்திருளன் தலையைச் சொறிந்தார். "சாமி, இதுல நான் ஏறினாலே அதிகம்" என்று முணுமுணுத்தார்.

மகாராஜா ஏறினார். ராயர், அவர் தொப்பை, கடைசியாகச் செவ்வந்தியப்பர். ஓடம் முனகிக்கொண்டே நகர்ந்தது.

கரையில் மேளம் கொட்டுகிறவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. மேளச்சத்தம் தூரமானதும் வேறொரு சத்தம் கேட்டது. களக், களக். நடு ஆற்றில் சின்னதாக ஒரு அலை எழும்பி, பின்பக்கத்து விளிம்பைத் தாண்டி உள்ளே வந்தது. மகாராஜாவின் பாதரட்சை நனைந்தது. அடுத்த அலை கணுக்காலுக்கு வந்தது.

"செவ்வந்தி, தண்ணீர் வருகிறது."

"ஆமாம் மகாராஜா. பாரம் அதிகம். ஏதாவது ஒன்று இறங்கியாக வேண்டும்."

எது என்று மகாராஜா கேட்டார். செவ்வந்தியப்பர் நிதானமாக விவரித்தார். கல் இறங்க முடியாது, அகற்றினால் கை போகும், ராயர் போட்ட விதி. ஓடக்காரர் இறங்கினால் ஓட்ட ஆளில்லை. பாக்கி மூன்று பேர். விகடனை இறக்கலாம், ஆனால் அவன் ஒல்லி, அவன் போனால் ஓடத்துக்குத் தெரியவே தெரியாது. எடையைப் பார்த்தால்...

அவர் ராயரைப் பார்த்தார். மகாராஜாவும் பார்த்தார். முத்திருளன்கூட துடுப்பை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

அதே நேரம் அடுத்த அலை ராயரின் மடியில் விழுந்தது. ராயர் எழுந்து நிற்கப் பார்க்க, ஓடம் ஒரு பக்கமாகச் சாய, மகாராஜா இரண்டு கையாலும் செவ்வந்தியப்பரின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"கல்லைத் தள்ளும் ஓய்" என்று ராயர் அலறினார். "எனக்கு நீந்தத் தெரியாது. கல்லைத் தள்ளும்."

"ராயரே, அது மகாராஜாவின் பெயர்."

"பெயர் கிடக்கட்டும். உயிர் போகிறது."

செவ்வந்தியப்பர் அசையவில்லை. மகாராஜாவின் முகத்தையே பார்த்தார். வெளுத்துப் போயிருந்தது. அவர் கட்டளையிட்டால்தான் தன் கை பிழைக்கும் என்றார், மெதுவாக. மகாராஜா அவர் தோளை இன்னும் இறுகப் பிடித்தார். "தள்ளு" என்ற சொல் காற்றாகத்தான் வந்தது.

செவ்வந்தியப்பர் குனிந்து ஆப்பைத் தட்டினார். கல் வழுக்கிக்கொண்டு போய்த் தொப்பென்று ஆற்றில் விழுந்தது. ஓடம் துள்ளி, தள்ளாடி, நிமிர்ந்தது. விளிம்பு தண்ணீரை விட்டு மேலே வந்தது.

விழுந்த கல் முழுகவில்லை. அடி மணலில் குத்தி, கொஞ்சம் சாய்ந்து, இடுப்புக்கு மேலே வெளியே தெரிய ஆற்றுக்குள் நின்றுகொண்டிருந்தது. மகாராஜாவின் பெயர் வெயிலில் மின்னியது. வைகாசியில் அந்த ஆற்றின் ஆழம் அவ்வளவுதான்.

மகாராஜா கல்லைப் பார்த்தார். மடியெல்லாம் நனைந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு மந்திரம் சொல்லிக்கொண்டிருந்த ராயரைப் பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். முத்திருளனும் சிரித்தார். ராயர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார்.

"அடே, இறங்கி நடந்தே போயிருக்கலாமே. உனக்கு இது முன்னமே தெரியும். தெரிந்துகொண்டே என்னை இப்படிப் பயமுறுத்தினாயா?"

"கொஞ்ச நேரம்தானே மகாராஜா. என் தங்கை காலையிலிருந்து விளக்கு வைக்கிற வரைக்கும் பயந்தாள்."

மகாராஜா சிரித்துக்கொண்டேதான் இருந்தார். எந்தத் தங்கை, என்ன பயம் என்று கேட்டார். செவ்வந்தியப்பர் அக்கரை வளைவைக் காட்டினார். ஐப்பசியில் தண்ணீர் அந்த வளைவின் படி வரைக்கும் வரும் என்றார். வலியோடு வந்தவளைக் கிடத்த அங்கே இடம் இருந்தது, ஏற்றிக்கொண்டு போகத்தான் எதுவும் இல்லை என்றார். அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். சாகிறவரைக்கும் கண்ணுக்கு நேரே மகாராஜாவின் பெயர் இருந்தது.

சிரிப்பு எங்கே நின்றதென்று யாருக்கும் தெரியவில்லை.

"இத்தனை நாள் என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

"சொல்லியிருந்தால் வருத்தப்பட்டு அவளுக்கு ஒரு மண்டபம் கட்டியிருப்பீர்கள்."

அக்கரையில் இறங்கியதுமே மகாராஜா உத்தரவு போட்டார். அந்த வருஷக் கொடை முழுதும் ஆற்றோர ஊர்களின் ஓடங்களுக்கும், ஓட்டுகிறவர்களின் கூலிக்கும், இரண்டு கரையிலும் மருத்துவச்சி வைத்துக்கொள்ளவும் போக வேண்டும். கல் விதி ரத்து. எது தேவை என்பதை ஊர்ச்சபைதான் சொல்ல வேண்டும். ராயர் கொடையை விட்டு யானைக் கொட்டடிக்கு மாற வேண்டும். அங்கே நாளெல்லாம் எடையோடு பழகலாம். இதைச் சொல்லும்போது மகாராஜாவுக்கு மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது. கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிச் செவ்வந்தியப்பரின் கழுத்தில் போட்டார். இந்த ஓடத்துக்கு உன் தங்கை பெயரை வைக்கட்டுமா என்றும் கேட்டார்.

"பெயரே வேண்டாம் மகாராஜா. வெறும் ஓடமாகவே ஓடட்டும்."

ஊர்வலம் திரும்பியது. செவ்வந்தியப்பர் மட்டும் திரும்பவில்லை. மாலையைக் கழற்றி மடியில் கட்டிக்கொண்டு நாணற்குடிக்குள் நடந்தார்.

வீட்டு வாசலில் கட்டில் கிடந்தது. சடையன் அதில் உட்கார்ந்து கலப்பைக்கு இரும்புக் கொழு மாட்டிக்கொண்டிருந்தான். மேளச்சத்தம் அவனுக்கும் கேட்டிருக்கும். ஆனால் துறைப் பக்கம் வரவில்லை. நிமிர்ந்து பார்த்துவிட்டு, வேலையைத் தொடர்ந்தான். வாருங்கள் என்று சொல்லவில்லை.

"ஓடத்துல வந்தேன் மாப்பிள்ளை" என்றார் செவ்வந்தியப்பர்.

சடையன் கொழுவை இரண்டு தட்டுத் தட்டினான். பிறகு அவன் தலையைத் தூக்காமலே கேட்டான்.

"ஆடியில தண்ணி ஏறினாலும் ஓடுமா மச்சான்?"

"ஓடும்."

"கார்த்திகையில?"

"ஓடும் மாப்பிள்ளை. ஓடக்காரருக்கு வருஷம் பூராவும் கூலி உண்டு."

சடையன் கொழுவைக் கீழே வைத்தான்.

"ஐப்பசியில?"

செவ்வந்தியப்பர் தலையை மட்டும் ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார்.

சடையன் கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து, அவர் உட்கார இடம் விட்டான்.