எருமை ஏன் வழிவிடுவதில்லை

அந்தக் காலத்தில் எருமைக்குப் பேச்சு இருந்தது. காகத்துக்கு உத்தியோகம் இருந்தது. ஊரில் யார் செத்தாலும் காகம் வந்து கொத்திப் பார்த்து, “உயிர் போய்விட்டது” என்று சொன்ன பிறகுதான் பிணத்தைத் தூக்குவார்கள். அதுவரை அந்த இடத்தில் ஒரு வேலையும் நடக்கக் கூடாது. அது கட்டுப்பாடு.

அந்த ஊர் நாட்டாமை சங்கிலியப்பனுக்கு எதையும் சுற்றிப் போகப் பிடிக்காது. வீட்டிலிருந்து கோயிலுக்கு நேர்ப் பாதை வேண்டும் என்று ஆசை. குறுக்கே ஒரு குட்டை இருந்தது. மூடிவிடலாம் என்று வண்டி நிறைய மண்ணோடு கிளம்பிவிட்டார்.

குட்டையில் ஊறிக்கொண்டிருந்த எருமை கட்டைக்கொம்பி மண் வண்டியைப் பார்த்துவிட்டது. அந்தக் கறுப்புத் தோலுக்குச் சித்திரை வெயிலில் வேறு போக்கிடம் ஏது, பாவம்! விழுந்தடித்துக் கரையேறி, வண்டிக்கு முன்னால் குறுக்கே படுத்தது.

“என் பிணத்தைத் தாண்டித்தான் இந்த வண்டி போகணும்!”

சங்கிலியப்பன் சிரித்தார். “அவ்வளவுதானே? கூப்பிடுங்கப்பா காக்காவை. செத்துருச்சுன்னு அது சொன்னா தூக்கி ஓரமாப் போடுறேன். உசுரோட இருக்குன்னு சொன்னா அடிச்சு விரட்டுறேன். எப்படியும் சாயங்காலத்துக்குள்ள குட்டை மூடியாகணும்.”

எது சொன்னாலும் குட்டை போச்சு. கட்டைக்கொம்பி யோசித்தது. பிறகு யோசிப்பதையும் நிறுத்திவிட்டு, கண்ணைப் பாதி மூடி, சும்மா கிடந்தது.

காகம் முதுகில் ஏறிக் கொத்தியது. அசைவில்லை. காதைக் கொத்தியது. வலி உயிர் போனது. ஆனாலும் எருமை வாய் திறக்கவில்லை. தப்பு அடித்தார்கள், கொம்பு ஊதினார்கள், நாட்டாமை தன் தொண்டை கட்டும்வரை கத்தினார். ஒரு மயிர்கூட ஆடவில்லை.

“என்னப்பா, செத்துருச்சா?”

காகம் தலையைச் சாய்த்துப் பார்த்தது. “கொத்தினா அசையலை, நாட்டாமை. ஆனா வாய் என்னமோ மென்னுக்கிட்டே இருக்கு. என்னன்னு சொல்றது? நாளைக்கு வந்து பார்க்கிறேன்.”

மறுநாளும் அதையே சொன்னது. அதற்கு மறுநாளும் அதையேதான். பிணம் என்று தூக்கவும் முடியவில்லை, மாடு என்று அடிக்கவும் முடியவில்லை. வண்டி மாடுகளுக்கும் வண்டிக்காரருக்கும் கால் கடுத்தது. கடைசியில் நாட்டாமை பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியை வளைத்தார். பாதை குட்டையைச் சுற்றிக்கொண்டு போனது.

அன்று முதல்தான் எருமை பேச்சை விட்டுவிட்டது. பேசாமல் கிடந்தாலே காரியம் நடக்கிறதே! நடுரோட்டில் அது படுத்துவிட்டால் எந்த பஸ்காரரின் ஹாரனும் எடுபடுவதில்லை. காகம் இன்றைக்கும் அதன் முதுகில் உட்கார்ந்து கொத்திப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. இன்னும் முடிவு சொன்னபாடில்லை.