வில்வத்தைப் புழுவுக்கு விட்டவர்

தாமிரபரணிக் கரையிலே மேலக்கொன்றையூர் என்றோர் ஊர். அவ்வூர்ச் சிவன் கோயிலுக்கு வில்வம் பறித்துக் கொடுக்கும் தொண்டு வெயிலுகந்த பண்டாரத்துடையது. விடியலில் நீராடி, நீறணிந்து, நந்தவனத்து வில்வ மரத்தடியில் ஐந்தெழுத்தை ஓதியபடி இலை கொய்வார். ஓட்டை விழுந்த இலை பூசைக்கு ஆகாதென்று ஒதுக்கிவிடுவார். காக்கை எச்சம் பட்ட இலையை நகத்தால் சுரண்டி, ஆற்றில் அலசிக் கூடையில் சேர்ப்பார்.

ஒருநாள் சுரண்டப் போனபோது அந்த எச்சம் நெளிந்தது. தலையைத் தூக்கி, இரண்டு சிவந்த கொம்புகளை நீட்டி அவரை மிரட்டியது. பண்டாரம் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அடப்பாவமே, இது புழுவா! இத்தனை காலமும் எச்சமென்று நசுக்கியதெல்லாம் உயிர்களா! மரத்தடியிலேயே விழுந்து கதறினார்.

"வயிறு நெறையத் தின்னுங்க. மிச்சம் இருக்கதை நான் சாமிக்குப் பறிச்சுக்கிடுதேன்" என்று அன்றே புழுக்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். ஊர் சும்மா இருக்குமா? அவருக்குப் புழுப் பண்டாரம் என்று பெயர் வைத்துச் சிரித்தது. அவரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டுப் போனார்.

லட்சார்ச்சனை வைத்த ஆண்டில் வந்தது வினை. புழுக்கள் ஓர் இலை விடாமல் தின்று, கூடுகளாகிக் குச்சிகளில் தொங்கின. வெளியூர் வில்வத்தை அந்தச் சாமிக்குச் சாத்தும் வழக்கமே கிடையாது. விழாவன்று காலை பண்டாரம் வெறுங்கூடையோடு போய் நின்றார். தர்மகர்த்தா செவ்வந்தியா பிள்ளை கூடையை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தார். அவர் போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டது.

"ஏம்வே, சாமிக்கு உள்ளதைப் பூச்சிக்குப் போட்டுட்டு வந்து நிக்கீரே, வெக்கமா இல்ல? இனிமே அந்தக் கூடையைத் தொடாதேயும். ஏலே, மருந்தை எடுத்துட்டு வாங்கலே! அம்புட்டும் சாகணும்."

தொண்டு பறிபோனதுகூடப் பண்டாரத்துக்கு உறைக்கவில்லை. மருந்து என்றதும் ஓடிப்போய் மரத்தைக் கட்டிக்கொண்டார். "எம்மேல அடிச்சுட்டு மரத்துல அடிங்கய்யா!"

மருந்து தெளிக்க வந்தவன் தயங்கித் தயங்கிக் குழாயைத் தூக்கினான். நல்ல நேரம் தப்பக் கூடாதென்று உள்ளே அர்ச்சனை மணி ஒலித்தது. அந்தக் கணமே பண்டாரத்தின் தலைக்கு மேல் கூடுகள் பிளந்தன; அத்தனையும் ஒருசேரப் பிளந்தன. கறுப்பில் மஞ்சள் தெளித்த சிறகுகள் மொட்டை மரத்தையே மூடி எழும்பின. குழாயைப் போட்டுவிட்டு வந்தவன் ஓட்டமெடுத்தான். வண்ணத்துப்பூச்சிகளோ நேரே கோயில் வாசலுக்குள் நுழைந்தன.

"ஐயோ, உள்ள தீபம் எரியுதே, கருகிப் போயிருமே!" என்று அலறிக்கொண்டு பண்டாரம் பின்னால் ஓடினார்.

ஒன்றும் கருகவில்லை. குருக்கள் ஒவ்வொரு நாமமாகச் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு பூச்சியாக ஈசன் திருமுடியில் வந்து அமர்ந்தது. குருக்கள் வெளுத்த முகத்தோடு திரும்பினார்.

"பிள்ளைவாள், என் கையில ஒரு இலை கிடையாது ஓய்! அர்ச்சனை நடந்துண்டிருக்கு!"

செவ்வந்தியா பிள்ளை பண்டாரத்திடம் ஓடி வந்தார். தம் தலையில் இருந்த பரிவட்டத்தை அவிழ்த்துப் பண்டாரத்தின் தலையில் கட்டி, கூடையை அவர் கையிலேயே திரும்பக் கொடுத்தார். பண்டாரம் எதையும் கவனிக்கவில்லை. சன்னதியைப் பார்த்தபடி தேம்பிக்கொண்டிருந்தார்.

"பசிச்சு வந்தது நீதானா அப்பா? உன்னையா நான் நகத்தால சுரண்டினேன்!"

இலை தின்ற வாயையும் இறைவன் வாயாகக் கண்டு அழுத வெயிலுகந்தார் திருவடி என்றும் நம் தலைமேல் இருக்கட்டும்.