சாண் நூல்

இருதயமேரி டீச்சரிடம் எம்பிராய்டரி கற்றுக்கொள்ள வந்தவர்களில் மீசை வைத்தவர் குலசேகரன் ஒருவர்தான். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். டீச்சருக்கு அவருடைய மகள் வயது. ஆனாலும் செருப்போடு தன் வயதையும் வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்.

அவர் கொண்டுவந்தது ஒரு தலையணை உறை. அதில் பாதியில் நின்றுபோன ஒரு பூங்கொடி. அவர் மனைவி செண்பகம் போட்டது. அவள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. முதல் திதிக்குள் கொடியை முடித்துவிட வேண்டும் என்று அவருக்குத் தவிப்பு.

"அவ இருக்கும்போது இதை ஒரு தடவைகூட நல்லாப் பார்த்ததில்லை டீச்சர். இப்ப வந்து நிக்கிறேன்."

டீச்சர், பழகுவதற்கு ஒரு வெள்ளைத் துணியை வளையத்தில் மாட்டிக் கொடுத்தார்.

குலசேகரன் இரண்டு கையையும் விரித்து, அந்த நீளத்துக்கு நூலை வெட்டினார். ஓர் இலைகூட முடியவில்லை, நூல் முறுக்கிச் சிக்கிக்கொண்டது. பிரித்தார். மறுபடி சிக்கியது.

"ஏன் சார் இவ்வளவு நீளம்?"

"அடிக்கடி ஊசியில கோக்க வேண்டாமேன்னுதான்."

"ஒரு முழம் வெட்டுங்க. தீர்ந்தா மறுபடி கோத்துக்கலாம்."

அவர் கை அப்படியே நின்றது.

"செண்பகத்துக்கிட்டயும் இதைத்தான் சொல்வேன். நீளமா வெட்டிக்கோடின்னு. அவளுக்கு ஊசிக் காது சரியாத் தெரியாது. நூல் தீர்ந்ததும், 'ஏங்க, கொஞ்சம் கோத்துக் கொடுங்க'ம்பா. நான் டிவியில நியூஸ் பார்த்துட்டு இருப்பேன். எரிச்சலா வரும். நூல் கோக்குற கம்பி ஒண்ணு வாங்கிட்டு வந்து அவ மடியில போட்டேன். இனிமே என்னைக் கூப்பிடாதேன்னுட்டேன்."

"அப்புறம் கூப்பிடலையா?"

"கூப்பிட்டா. திட்டிக்கிட்டேதான் கோத்துக் கொடுத்தேன்." சிக்கிய நூலை விரலில் சுற்றினார். "ஒரு தடவையாவது பக்கத்துல உட்கார்ந்திருக்கலாம். பாவி நான்."

உறையோடு அவர் கொண்டுவந்திருந்த செண்பகத்தின் ஊசி டப்பாவை டீச்சர் திறந்தார். கம்பி அட்டையோடு அப்படியே இருந்தது. மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டிக்கைக்கூட அவள் பிரிக்கவில்லை.

அடியில், வெட்டித் தயாராக வைத்த பச்சை நூல்கள் கிடந்தன. டீச்சர் ஒன்றை எடுத்து இழுத்துப் பிடித்தார். ஒரு சாண்தான் இருந்தது. தலையணை உறையைத் திருப்பினார். பின்பக்கம் முழுக்க நூல் நுனிகள். ஒரே இலைக்குள் நூல் பல தடவை முடிந்து, பல தடவை தொடங்கியிருந்தது.

குலசேகரன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"சிக்கு விழுமேன்னுதானே இவ்வளவு சின்னதா வெட்டினா?"

"அதுக்கு முழ நூலே போதும் சார். இது நாலஞ்சு தையல்ல தீர்ந்துடும்."

"பின்ன எதுக்கு?"

டீச்சர் அந்தச் சாண் நூலையும் ஓர் ஊசியையும் அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"உங்களைக் கூப்பிட ஒரு காரணம் வேணும்ல சார்."