முப்பத்தைந்தில் திரும்பும் ட்ரோன்

“நாற்பத்தெட்டு பர்சென்ட் சார்ஜ் இருக்கு. முப்பத்தஞ்சு வந்ததும் ட்ரோனைக் கூப்பிட்டுடணும்கிறீங்க. மிச்சத்தை என்ன டீச்சர், ஊறுகாயா போடப் போறோம்?” என்று கேட்டாள் பிலோமினா.

நஸீமா டீச்சர் அவளுக்கு ட்ரோன் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். மாணவியைவிடப் பத்து வயது இளையவள்.

புயலில் தீவின் டவர் சாய்ந்து மூன்று நாள். டவருக்குப் பதிலாகக் கரையிலிருந்து அனுப்பும் ட்ரோன் தீவுக்கு மேலே நிற்கும்வரைதான் அங்கே செல்போன் பேசும். இருப்பது ஒரே ட்ரோன். பாட்டரி மாற்ற அது கரைக்கு வந்தாக வேண்டும்.

பக்கத்து மேசையில் நர்ஸ் போனில் பேசிக்கொண்டிருந்தாள். மறுமுனையில் தீவிலிருந்து ஜெனிட்டா. அவளுடைய எட்டு மாதக் குழந்தைக்கு உடம்பு அனலாய்க் கொதிக்கிறது.

“அந்தப் புள்ளை அழுறது கேக்குதா? நடுவுல லைனை எப்படி அறுக்கறது? கல் நெஞ்சா உங்களுக்கு?” என்று டீச்சரிடம் பாய்ந்தாள் பிலோமினா.

டீச்சர் குடையை விரித்து அவள் கையில் கொடுத்தாள். கடற்பக்கம் கையைக் காட்டினாள்.

“அக்கா, அந்தக் கொடிக்கம்பத்தைத் தொட்டுட்டு வாங்க.”

“இந்தக் காத்துலயா? பறந்துடுவேன்.”

“பறந்தா நல்லதுதான். நம்மகிட்ட ரெண்டு ட்ரோன் ஆயிடும்.”

போகும்போது காற்று முதுகில் கைவைத்துத் தள்ளியது. பிலோமினா சிரித்துக்கொண்டே ஓடினாள். கம்பத்தைத் தொட்டாள். திரும்பினாள்.

குடை நெஞ்சில் வந்து முட்டியது. ஓரடி வைத்தால் காற்று அரையடி பின்னே தள்ளியது.

மேசைக்கு வந்து சேர்ந்தபோது பேச மூச்சில்லை. திரையைப் பார்த்தாள்.

முப்பத்தைந்து.

நர்ஸின் கையிலிருந்து போனை வாங்கினாள்.

“ஜெனிட்டா, லைன் இப்போ போயிடும்மா. இருபது நிமிஷத்துல வந்துடும். ஈரத்துணியால துடைச்சுக்கிட்டே இரு.”

“ஐயோ, போகாதீங்கக்கா!”

பிலோமினா திரும்பும் பொத்தானை அழுத்தினாள்.

எதிர்காற்றோடு மல்லுக்கட்டித் தள்ளாடி வந்து இறங்கியது ட்ரோன்.

திரையில் மூன்று.

பிலோமினா சிலுவை போட்டுக்கொண்டாள். டீச்சர் புதுப் பாட்டரியை நீட்டினாள்.

ட்ரோன் மறுபடி தீவை எட்டிய மறுநொடி போன் அடித்தது. பிலோமினாதான் எடுத்தாள்.

“சூடு கொஞ்சம் தணிஞ்சிருக்குக்கா. பால்கூடக் குடிச்சிட்டான். நீங்கல்லாம் நல்லா இருக்கணும்.”

“உன்னை அம்போன்னு விட்டுட்டுப் போயிட்டோமேம்மா. மன்னிச்சுக்கோ.”

மறுமுனையில் அழுகையா சிரிப்பா, தெரியவில்லை.

“என்னக்கா நீங்க. போனதுனாலதானே திரும்ப வந்தீங்க?”