ஒரு முழமாவது கூட இருக்க வேண்டிய போர்க்கப்பல்

நண்டுத்துறை ராசாவுக்கு வயிற்றெரிச்சல் வந்ததில்தான் எல்லாம் ஆரம்பித்தது. எதிர்க்கரைச் சங்குமேட்டு ராசா புதிதாக ஒரு போர்க்கப்பல் கட்டிவிட்டாராம். உடனே கப்பல் கட்டும் சேவுக ஓடாவிக்கு ஆள் போனது.

“உன் ஆளுகள அந்தக் கப்பலை அளந்துட்டு வரச் சொல்லு. எந்த அளவை எடுத்தாலும் நம்ம கப்பல் ஒரு முழமாவது கூட இருக்கணும். குறைஞ்சா, நீ தலையளவு குறைஞ்சிருவே!”

ஓடாவிக்குத் தன் தலைமேல் பிரியம் அதிகம். அதை அவர் அவ்வளவாக உபயோகித்ததில்லை என்றாலும், பிறந்ததிலிருந்து கூடவே இருப்பதல்லவா.

அவருடைய ஆட்கள் மாசானமும் இருளப்பனும் மீன்காரர் வேஷம் கட்டிப் போய், முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றால் அளந்தார்கள். கயிற்றின் மறுமுனையைச் சங்குமேட்டுக் காவல்காரனே பிடித்துக் கொடுத்தான். அந்த ஊரும் அப்படித்தான். நீளம் அறுபது முழம், அகலம் பதினைந்து, பாய்மரம் நாற்பது, தண்ணீருக்குள் இருப்பது ஆறு.

ஆறே மாதத்தில் நண்டுத்துறைக் கப்பல் தயார். நீளம் அறுபத்தொன்று, அகலம் பதினாறு, பாய்மரம் நாற்பத்தொன்று. தேங்காய் உடைத்துக் கடலில் தள்ளினார்கள். அழகாக மிதந்தது. இருளப்பன் கயிற்றை விட்டுப் பார்த்தான்.

“ஓடாவியாரே, தண்ணிக்குள்ள அஞ்சு முழந்தான் இருக்கு!”

மறுநாள் காலையில் ராசா பார்க்க வருகிறார்.

“கப்பல் நல்லாத்தான மிதக்கு?” என்றான் மாசானம்.

“ராசா மிதக்கவாடே சொன்னாரு? கூட இருக்கணும்னு சொன்னாரு.”

ஊரிலுள்ள அம்மி, ஆட்டுக்கல் எல்லாம் ஏறின. ஆறு முழம். கோயில் தேர்ச்சக்கரம் ஏறியது. ஆறரை. அதற்குமேல் ஊரில் கனமாக இருந்தவர் மந்திரியார் ஒருவர்தான். அவரும் ஏறினார். “ஏழு!” என்று ஓடாவி கூவி முடிப்பதற்குள் எட்டு, பத்து, பன்னிரண்டு என்று கப்பல் தானாகவே இறங்கிப் போய்த் தரை தட்டியது. மந்திரியார் பாய்மரத்தைக் கட்டிக்கொண்டு தப்பினார்.

விடிந்ததும் ராசா வந்தார். பாய்மரம் மட்டும் தெரிந்தது. ஓடாவி கண்ணை இறுக மூடிக்கொண்டு கயிற்றை நீட்டினார்.

“பன்னெண்டு முழம், மகாராசா. அவங்களதுக்குச் சரியா ரெண்டு மடங்கு.”

ராசா முடிச்சு முடிச்சாக எண்ணிப் பார்த்தார். பிறகு தன் கழுத்து மாலையைக் கழற்றி ஓடாவிக்குப் போட்டார். ஓடாவி சந்தோஷத்தில் அழுதேவிட்டார்.

எல்லாம் ஒரு மாதந்தான். சங்குமேட்டார் ஆள் அனுப்பி அளந்திருக்கிறார்கள். ரோஷம் வந்து தங்கள் கப்பலையும் முக்கிவிட்டார்கள். அங்கே கடல் ஆழம். பதினான்கு முழம்! ராசா மறுபடியும் ஓடாவியின் கழுத்தையே பார்க்கத் தொடங்கினார்.

ஓடாவி தாமதிக்கவில்லை. மண்வெட்டியும் கூடையுமாக நூறு பேரைக் கடலுக்குள் இறக்கினார். கப்பலுக்கு அடியில் மூன்று முழம் தோண்டியாக வேண்டும். சற்று நேரத்தில் இருளப்பன் மூச்சு வாங்க மேலே வந்தான்.

“ஓடாவியாரே, தோண்டுன மண்ணை எங்க கொட்ட?”

ஓடாவி எதிர்க்கரையைக் கைகாட்டினார்.

“படகுல ஏத்திட்டுப் போயி அவங்க கப்பலுக்கு அடியில கொட்டுங்கடே. அது கொஞ்சம் மேல வந்துட்டா, நமக்குத் தோண்டுற வேலை மிச்சம்.”