உடையாள் கேட்ட ஆயிரம் கலம்

வெகு காலத்துக்கு முந்தி, செங்காட்டு நாட்டைச் சூரகேசரி என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். நல்ல மனசுக்காரன்தான். ஆனால் யாராவது நாலு வார்த்தை புகழ்ந்துவிட்டால் போதும், காலையில் போட்ட உத்தரவைச் சாயங்காலம் மாற்றிவிடுவான்.

அந்த நாட்டில் இரண்டு வருஷமாக மழை இல்லை. மந்திரி மாதேவர் எடுத்துச் சொல்ல, ராஜா ஆயிரம் கலம் அரிசியைத் தனியாக ஒதுக்கினான். "இந்த அரிசி முழுக்க என் நாட்டு ஏழைகளுக்கே சொந்தம். வீட்டுக்கு மாதம் இரண்டு மரக்கால் கொடுங்கள். அவர்களுக்கு வீட்டு வரியும் தள்ளுபடி" என்று ஊர் ஊராகப் பறையடித்துச் சொல்ல வைத்தான்.

நெல் குத்திப் பிழைக்கும் உடையாள் காதிலும் அது விழுந்தது. அவள் புருஷன் கிணறு வெட்டப் போன இடத்தில் பாறை சரிந்து, இடுப்பு ஒடிந்து படுத்துக் கிடந்தான். விளைச்சலே இல்லாத ஊரில் குத்துவதற்கு நெல் ஏது? காட்டுக் கிழங்கை அவித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள், பறைச் சத்தம் கேட்டதும் களஞ்சியத்துக்கு ஓடினாள்.

களஞ்சிய அதிகாரி பரமானந்தருக்கு மாதேவரைக் கண்டாலே ஆகாது. இந்தத் தருமத்தால் மந்திரிக்குப் பெயர் வந்துவிடுமே என்று மனசுக்குள் வெந்துகொண்டிருந்தார்.

"நீ ஏழைதான் என்று ஊர்த்தலைவரிடம் ஓலை வாங்கி வா" என்றார். ஊர்த்தலைவர் ஓலைக்குக் கோழி கேட்டார். உடையாள் இருந்த ஒரே கோழியையும் கொடுத்து ஓலையோடு வந்து, நடந்ததைச் சொன்னாள்.

"கோழி வளர்த்தவள் எப்படி ஏழையாவாள்?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார் பரமானந்தர்.

அடுத்த முறை, "கந்தலோடு ராஜாங்க வாசலில் நிற்காதே" என்று விரட்டினார். பக்கத்து வீட்டுப் பூங்காவனத்தின் கல்யாணச் சேலையை இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு போனாள்.

"இத்தனை நல்ல சேலை கட்டியவளுக்கு இலவச அரிசியா?" என்று சிரித்தார் பரமானந்தர். சுற்றி நின்ற காவலர்களும் சிரித்தார்கள். பசியைத் தாங்கியிருந்த உடையாளால் அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை. இரவல் சேலை நனைந்துவிடக் கூடாதே என்று புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீடு வந்தாள். அந்த வாரமே பூங்காவனத்தின் கைக்குழந்தை, தாயிடம் பால் வற்றிப்போய், செத்துப்போயிற்று.

மூன்று மாதம் கழித்து ராஜா சபையில் கேட்டான்: "எத்தனை வீட்டுக்காரர்கள் அரிசி வாங்கினார்கள்?"

"ஒருவர்கூட இல்லை மகாராஜா!" என்றார் பரமானந்தர். "தங்கள் ஆட்சியில் ஏழை என்று சொல்ல ஓர் ஆள் கிடையாது. மந்திரியார்தான் இல்லாத ஏழையைச் சொல்லித் தங்களைப் பயமுறுத்திவிட்டார்."

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "அப்படியானால் அந்த அரிசியில் என் பிறந்தநாள் விருந்து நடக்கட்டும். வரியையும் வழக்கம்போல் வசூலியுங்கள்."

"மூன்று நாள் பொறுங்கள் மகாராஜா" என்று கேட்டுக்கொண்ட மாதேவர் நேரே களஞ்சிய வாசலுக்கு நடந்தார். அங்கே ஏழாவது முறையாக வந்து உட்கார்ந்திருந்தாள் உடையாள். நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்ட மந்திரி, நாட்டில் ஏழையே இல்லை என்று சபையில் அதிகாரி சொன்னதை அவளுக்குச் சொல்லி, "ராஜாவிடம் நான் சொன்னால் எடுபடாதம்மா. இந்த அதிகாரி வாயாலேயே உண்மை வர வேண்டும்" என்றார்.

உடையாள் கேட்டாள்: "அரிசி யாருக்குச் சொந்தம் என்று ராஜா சொன்னார், சாமி?"

"ஏழைகளுக்கே என்றார்."

"அந்த வார்த்தை போதும். என்னைச் சபையில் நிறுத்துங்கள்."

மூன்றாம் நாள் சபைக்கு நடுவில் கந்தல் சேலையோடு வந்து நின்று கும்பிட்டாள்.

"மகாராஜா, நான் ஏழை. எனக்குச் சேர வேண்டியதைக் கொடுங்கள்."

ராஜா புருவத்தைச் சுருக்கினான். பரமானந்தர் முந்திக்கொண்டார். "ஆமாம் மகாராஜா, இவள் ஒருத்தி ஏழைதான். எப்படியோ என் கண்ணில் படாமல் போய்விட்டாள். இரண்டு மரக்கால் கொடுத்து அனுப்பிவிடலாம்."

"இரண்டு மரக்கால் எப்படிப் போதும் சாமி?" என்றாள் உடையாள். "ஆயிரம் கலமும் ஏழைகளுக்கே சொந்தம் என்பது ராஜா வாக்கு. நாட்டில் வேறு ஏழையே இல்லை என்பது உங்கள் வாக்கு. அப்படியானால் அவ்வளவும் எனக்குத்தானே சேரும்?"

சபை ஆடிப்போயிற்று. "கணக்கு சரியாகத்தான் இருக்கிறது" என்றார் மாதேவர். ராஜாவும், கொடுத்த வாக்கை மீற முடியாமல், "வண்டி கட்டுங்கள்" என்றான்.

பரமானந்தர் பதறிப்போனார். "ஐயோ மகாராஜா! இவள் ஒருத்திக்கே கொடுப்பதா? இவள் தெருவில் மட்டும் முப்பத்தொரு வீடு பட்டினி! குயவர் தெருவில் நாற்பது! ஆற்றங்கரையில் அறுபதுக்கு மேல்! எல்லாரும் என் வாசலுக்கு வந்தவர்கள்தான், ஒவ்வொருவரையும் எனக்குத் தெரி..."

வார்த்தை பாதியில் நின்றது. சபையில் ஒருவரும் சிரிக்கவில்லை.

ராஜா மெதுவாகக் கேட்டான்: "வந்தவர்களை என்ன செய்தீர்?"

உடையாள்தான் பதில் சொன்னாள். ஓலைக்குக் கோழி கொடுத்ததையும் சேலைக்குப் பட்ட அவமானத்தையும் சொன்னாள். கடைசியாகப் பூங்காவனத்தின் குழந்தை செத்ததையும் சொன்னாள்.

ராஜா சிம்மாசனத்தை விட்டு இறங்கி வந்தான். "புகழ்ச்சியைக் கேட்ட காது அழுகையைக் கேட்காமல் போயிற்று. குற்றம் என்னுடையதும்தான்" என்றான். "இனி யாரும் களஞ்சியத்துக்கு வர வேண்டாம். களஞ்சியம் அவர்கள் வீட்டுக்குப் போகட்டும். வீட்டு வரியும் முன்பு சொன்னபடியே தள்ளுபடி. பரமானந்தரே, பதவியைக் கழற்றி வைத்துவிட்டு மரக்காலை எடுத்துக்கொள்ளும். வாசல் வாசலாக நின்று நீரே அளந்து போடும். உடையாள், எந்த வீட்டுக்குத் தேவை என்று இனி நீ சொல்வதே உத்தரவு. இந்த வேலைக்கு அரண்மனைச் சம்பளம் உண்டு."

"எனக்கு இரண்டு மரக்கால் போதும் மகாராஜா. மற்றது அவரவருக்குப் போகட்டும்" என்றாள் அவள்.

அன்று சாயங்காலமே வண்டிகள் அவள் தெருவுக்கு வந்தன. வரி வசூலிக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று பயந்து ஒரு வீட்டிலும் கதவு திறக்கவில்லை. மரக்காலோடு பரமானந்தர் தெருவில் தனியாக நின்றார். உடையாள் அவரைத் தாண்டிப் போய், பூங்காவனத்தின் கதவைத் தட்டினாள்.

"நான்தான் வந்திருக்கிறேன் தாயி. பாத்திரம் எடுத்துக்கொண்டு வா."

அந்தக் கதவு திறந்தது. பிறகு ஒவ்வொன்றாக மற்றவையும் திறந்தன. விளக்கு வைப்பதற்குள் முப்பத்தொரு வீட்டிலும் உலை கொதித்தது.